தேயிலைக்கு அடிக்கிற மருந்து

மகனே, இதை யாரிடமும் காட்டாதே. படித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிடு. உன் அப்பாவிடம்கூடக் காட்டாதே, அவர் யாராக இருந்தாலும் சரி. எனக்கு இப்போது பதினைந்து வயது. நீ இன்னும் பிறக்கவில்லை, பிறப்பாயா என்றும் எனக்குத் தெரியாது. தமிழ் டீச்சர் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார். உங்களைப் பெற்றோராக நினைத்துக்கொண்டு, வளர்ந்துவிட்ட மகனுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், அரையாண்டுத் தேர்வில் வந்தாலும் வரும் என்றார். அதை நேற்றே எழுதிவிட்டேன். நேரத்தை வீணாக்காதே, பெரியவர்களை மதி, உண்மையே பேசு என்று ஒன்றரைப் பக்கம். உண்மையே பேசு என்று எழுதும்போது கை கூசியது. அந்தக் கடிதம் நோட்டில் இருக்கிறது, டீச்சர் அதற்கு நல்ல மதிப்பெண் போடுவார். இது நோட்டின் நடுவிலிருந்து பிய்த்த தாள்களில் எழுதும் வேறு கடிதம். உயிரோடு இருக்கிற யாரிடமும் சொல்ல முடியவில்லை. அதனால் இன்னும் பிறக்காத உன்னிடம் சொல்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதியில் நிறுத்திவிடுவேன். பக்கத்து வீட்டுச் செல்வி அக்காவுக்கு இது ஒன்பதாவது மாதம். விஷம் பட்ட கோழியின் முட்டையை நான் அவளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு முட்டைகள். கொடுக்கும்போது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் ஒரு வாரமாக வாயைத் திறக்கவில்லை. கோழிகளுக்கு விஷம் வைத்ததும் நான்தான்.

நாங்கள் இருப்பது எஸ்டேட் லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருக்கிற வீடுகளில் கடைசி வீடு. முன்னறை ஒன்று, பின்னால் அடுப்படி. நான் அடுப்படியில் தணல் பக்கமாக உட்கார்ந்து டார்ச்சைச் சோற்றுப் பானைமேல் சாய்த்துவைத்து எழுதுகிறேன். அம்மாவும் அப்பாவும் முன்னறையில் தூங்குகிறார்கள். அப்பா தேயிலைக்கு மருந்தடிப்பவர். அம்மா கொழுந்து எடுப்பவள். தேயிலை விலை விழுந்த பிறகு எங்கள் வீட்டில் எல்லாம் வேறு மாதிரி ஆகிவிட்டது. பேக்டரியில் தூள் மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடக்கிறது, வாங்க ஆள் இல்லை என்றார்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில் இனிமேல் பெண்களுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. வேலையில்லாத முதல் நாள் வீட்டை இரண்டு தடவை மெழுகினாள். இரண்டாவது வாரம் எங்கிருந்தோ கூடையில் ஒன்பது கோழிக் குஞ்சுகளைக் கொண்டுவந்துவிட்டாள்.

அப்பா அதற்குக் கூடு கட்டினார். அவர் எப்படிக் கட்டினார் என்பதைக் கவனமாகக் கேள், எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கியது. பேக்டரியில் கழித்துப்போட்ட பழைய தேயிலைப் பெட்டிகளை உடைத்துப் பலகை எடுத்தார். அந்தப் பலகைகளின் ஓரத்தில் தகரப் பட்டை அடித்திருக்கும். பட்டைக்கும் பலகைக்கும் நடுவில் நகம் நுழைகிற அளவு இடுக்கு. குளிருக்குக் கோழிகள் விறைக்கக் கூடாது என்று கூட்டை அடுப்படிச் சுவருக்கு வெளியே ஒட்டிவைத்தார், அடுப்பின் சூடு கல்லைத் தாண்டி அந்தப் பக்கமும் வரும். கோழிகள் ஏறி உட்காரக் கவாத்து வெட்டிய தடித்த தேயிலைக் குச்சிகளை மரப்பட்டை உரிக்காமல் குறுக்கே கட்டினார். பார்க்க அழகாக இருந்தது. பக்கத்து வீட்டு வள்ளி அத்தை இடுப்பில் கைவைத்துக்கொண்டு கூட்டை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். செல்வி அக்காவின் அம்மா அவள். அவர்களுக்குக் கோயமுத்தூர்ப் பக்கம்.

“ஏனுங்க அண்ணி, கோழிக்குப் பங்களாவே கட்டிட்டீங்க. எங்களுக்கு ஒரு ரூமு வாடகைக்குக் கெடைக்குங்களா?”

“வாடகை எதுக்கு வள்ளி? ராத்திரிக்குக் குச்சில ஏறி உக்காந்துக்க. காலையில ஒரு முட்டை வச்சுட்டுப் போனாப் போதும்.”

“வச்சிருவேனுங்க. எங்க ஊட்டுக்காரரு கொக்கரிக்கச் சொன்னாத்தான் சிரமம்.”

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு மேல் லயம் வரைக்கும் கேட்டது. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், அவர்கள் அப்படித்தான் இருந்தார்கள். இரண்டு அடுப்படிகளின் பின்கதவும் ஒரே வாசலில் திறக்கும். பகலில் அந்தக் கதவுகளை யாரும் சாத்தினதே இல்லை. உப்பு தீர்ந்தால் நான் கேட்காமல் போய் எடுத்து வருவேன்.

கோழிகள் வளர்ந்து முட்டையிடத் தொடங்கிய சமயத்தில்தான் செல்வி அக்கா முதல் பிரசவத்துக்குத் திருப்பூரிலிருந்து வந்தாள். பனியன் கம்பெனி வேலை அவளை உருக்கியிருந்தது, கன்னம் இரண்டும் ஒட்டிப்போய் வயிறு மட்டும் முன்னால் நின்றது. அம்மா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “ஏய் செல்வி, பொறக்குற வரைக்கும் தெனம் ஒரு முட்டை எங்க வீட்டுலேர்ந்து. வேணாங்காத. கறுப்பிகிட்ட சொல்லிட்டேன்” என்றாள். கறுப்பி எங்கள் கறுப்புக் கோழி. அன்றிலிருந்து பள்ளிக்கூடம் போவதற்கு முன் முட்டை கொண்டுபோவது என் வேலை. இட்ட சூடு கையில் இருக்கும்போதே போவேன். அவள் அதை அவித்து, மிளகுத்தூள் தொட்டுத் தின்பாள். கையில் ஒட்டியதையும் நக்கிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பாள்.

பிறகு கோழிகள் சாயங்காலம் கூட்டுக்குள் போகாமல் அடம்பிடித்தன. ஓட்டி உள்ளே விட்டால் திரும்பி வந்தன. கறுப்பி தகரக் கூரைமேல் ஏறி மழையில் நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்தது. கொண்டை வெளுத்துப் போயிற்று. ஐந்தாறு முட்டை கிடைத்த இடத்தில் ஒன்று கிடைத்தது, அதன் ஓட்டிலும் சிவப்பு மைப் புள்ளி வைத்தாற்போல் இருந்தது. “குளிரு எறங்கிருச்சு, அதான்” என்றாள் அம்மா. அந்த ஒரு முட்டையும் நம் வீட்டுக்கு வேண்டாம், செல்விக்குப் போகட்டும் என்றாள். எனக்கு மணிக்கட்டில் அரிப்பு. முட்டை எடுக்கக் கை விட்ட பிறகெல்லாம் அரித்தது. பகலில் கூட்டைத் திறந்து மூலை மூலையாகப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. ஒருநாள் ராத்திரி ஒன்றுக்குப் போக வெளியே வந்தபோது கூட்டுக்குள் கோழிகள் தூங்காமல் காலை மாற்றி மாற்றி வைக்கிற சத்தம் கேட்டது. டார்ச்சை அடித்தேன். குச்சியின் அடிப்பக்கம் ஏதோ ஊர்ந்துகொண்டிருந்தது. குச்சி முழுவதும். தகரப் பட்டையின் இடுக்கிலிருந்து வரிசையாக வந்து கோழியின் கால் வழியே ஏறிக்கொண்டிருந்தன. ஊசி முனை அளவுதான் ஒவ்வொன்றும். நீ கோழி வளர்த்தால் இதை நினைவில் வை: இந்தக் கோழிப்பேனைப் பகலில் தேடாதே. பகலில் அது கோழிமேல் இருக்காது, மரத்தின் இடுக்கில் ஒளிந்திருக்கும். இருட்டிய பிறகு வந்து ரத்தத்தைக் குடித்துவிட்டு விடிவதற்குள் திரும்பிப் போய்விடும். ஒரு வெள்ளைத் தாளைக் குச்சியின் அடியில் ஒருதரம் தேய்த்து நசுக்கிப் பார். சிவப்பாகக் கோடு விழும், எனக்கும் விழுந்தது.

அந்தக் கோட்டைப் பார்த்ததும்தான் நான் தப்பாக யோசித்தேன். அந்த மாதிரிக் கோட்டை நான் முன்பே பார்த்திருக்கிறேன். ஒருமுறை அப்பா மருந்தடித்துவிட்டு வரும்போது செம்பு நிறமாகக் கருகிய தேயிலை இலை ஒன்றைக் கொண்டுவந்தார். என் நோட்டுத் தாள்மேல் தட்டிவிட்டு விரலால் நசுக்கினார். சிவப்புக் கோடு. “பாரு பாப்பா, கண்ணுக்கே தெரியாது. மலை மலையாக் குடிச்சுட்டுப் போயிரும். இதுக்குத்தான் அப்பன் முதுகுல டின்னைத் தூக்கிட்டுத் திரியுறேன்” என்றார். இதுவும் ஊசிமுனை அளவு. அதுவும் அப்படித்தான். இரண்டும் சிவப்பு. கோழிகள் உட்கார்ந்திருப்பதோ தேயிலைக் குச்சி. பட்டை உரிக்காத குச்சியோடு தேயிலைப் பூச்சியும் வந்திருக்கிறது, இலை கிடைக்காமல் கோழியைக் குடிக்கிறது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். தேயிலைக்கு அடிக்கிற மருந்தை அடித்தால் போதும். அறிவியலில் வகுப்பிலேயே நான்தான் அதிக மதிப்பெண் வாங்குகிறவள். இரண்டும் வேறு வேறு பூச்சி, ஒன்று இலையை விட்டுக் கோழிக்கு வராது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. டவுனில் இருக்கிற பிள்ளை இந்தத் தப்பைச் செய்திருக்காது. அதற்குத் தேயிலைப் பூச்சியையும் தெரிந்திருக்காது, மருந்தும் வீட்டில் இருந்திருக்காது.

எங்கள் வீட்டில் இருந்தது. லயத்துக்குப் பின்னால் அப்பா கொஞ்சம் பீன்ஸ் போட்டிருக்கிறார். அதற்காக எஸ்டேட் மருந்தில் மிச்சமானதை ஒரு சின்னப் பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவந்து கூரை இடுக்கில் செருகிவைத்திருந்தார். எல்லாரும் செய்வதுதான். ஆனால் எஸ்டேட் கண்ணில் அது திருட்டு. அம்மாவிடமோ அப்பாவிடமோ கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. கோழிப் பக்கம் போனாலே அம்மா, “நான் செத்தா போயிட்டேன்? கோழிய நான் பாக்குறேன். நீ புஸ்தகத்தப் பாரு” என்பாள். ஆனால் அதனால்தான் கேட்கவில்லை என்று சொன்னால் பொய். முட்டை திரும்பவும் கூடை நிறைய வர வேண்டும், அம்மா வாசலில் நின்று வள்ளி அத்தையிடம், “எம்புள்ள பண்ணுனது” என்று சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவ்வளவுதான்.

சனிக்கிழமை அம்மா விறகுக்குப் போன நேரத்தில் செய்தேன். பாட்டிலைத் தண்ணீரில் சாய்த்ததும் தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது. விளக்குமாற்று ஈர்க்கை அதில் தோய்த்து இடுக்கெல்லாம் உதறினேன், குச்சிகளை நனைத்தேன். அதோடு விட்டேனா? கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து இறக்கையைத் தூக்கி உள்பக்கமும் தடவிவிட்டேன். தீவனத் தட்டில் சொட்டியிருக்கலாம், நான் பார்க்கவில்லை. கையைச் சாம்பல் போட்டு மூன்று தடவை தேய்த்தும் வாடை போகவில்லை. அன்று ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தபோது ஒரு பூச்சிகூட இல்லை. கோழிகள் தூங்கிக்கொண்டிருந்தன. சந்தோஷத்தில் எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு முட்டை, திங்கட்கிழமை ஒரு முட்டை. இரண்டையும் என் கையாலேயே கொண்டுபோனேன். “மஞ்சக்கரு நல்லாருக்குடி, என்ன தீனி போடுறீங்க?” என்று கேட்டுக்கொண்டே தின்றாள் செல்வி அக்கா.

செவ்வாய்க்கிழமை காலையில் கறுப்பி கழுத்து முறுக்கிச் செத்துக் கிடந்தது. இன்னும் இரண்டு நிற்க முடியாமல் நடுங்கின. அம்மா கறுப்பியைத் தூக்கி எடை பார்ப்பது போல் அசைத்துவிட்டு, “போனது போயிருச்சு. சூட்டோட சுத்தம் பண்ணிக் கொழம்பு வச்சிரலாம்” என்று கத்தியை எடுத்தாள். நான் கத்திவிட்டேன். நோய்க் கோழி, தின்னக் கூடாது, மாட்டாஸ்பத்திரியில் காட்ட வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னதாக அளந்துவிட்டேன். மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுபோனேன். மாட்டாஸ்பத்திரி எங்கள் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில்தான். டாக்டர் ஊட்டிக்கு மீட்டிங் போயிருந்தார், கம்பவுண்டர் இருந்தார். அவர் கோழியின் இறக்கையைத் தூக்கி முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“ஏம்பாப்பா, கோழியத் தோட்டத்துல வளக்குறீங்களா, மருந்துக் குடோன்ல வளக்குறீங்களா?”

“எங்களது இல்லீங்க சார். எங்க லயத்துல ஒருத்தங்களோடது. பேனுக்குன்னு தேயிலை மருந்து தடவிட்டாங்களாம்.”

“நல்ல வேளை, அவங்க தலையில பேனு வரல. அந்த மகராசிகிட்ட சொல்லு, கோழிக்குன்னு தனியா மருந்து இருக்குது, இங்க வந்து கேட்டா நாங்க ஒண்ணும் கடிச்சர மாட்டோம்னு.” சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டிருந்தவர் திடீரென்று நிமிர்ந்தார். “முட்டை வெக்குதா மத்தது? அதுல ஒண்ணைக்கூட வாயில வெக்கக் கூடாது, நாயிக்கும் போடக் கூடாது. குழிவெட்டிப் பொதைக்கச் சொல்லு. யாராச்சும் தின்னாங்களா?”

“இல்லீங்க சார்” என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு, “தின்னிருந்தா சொல்லோணும். பெரியாஸ்பத்திரியில மருந்து பேரைச் சொன்னாத்தான் அவங்களுக்குப் பாக்கத் தெரியும்” என்றார். நான் மறுபடியும் இல்லீங்க என்றேன். மகனே, கூட்டில் மருந்து தெளித்தது அறியாமல் செய்த தப்பு. இது அப்படியில்லை. இதை அறிந்தே சொன்னேன். யாராவது தின்றார்களா என்று கேட்டபோது செல்வி அக்கா உள்ளங்கையை நக்கியது கண்முன்னால் தெரிந்தது, தெரிந்தே இல்லை என்றேன்.

சரியான முறையையும் அவர்தான் சொன்னார். அன்று சாயங்காலமே எல்லாம் செய்தேன். முதலில் கோழிகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்தேன். தேயிலைக் குச்சிகளை எடுத்தேன். அடுப்பில் வைத்தால் புகையிலும் மருந்து வருமோ என்று பயந்து தூரமாகக் குப்பைக் குழியில் போட்டு மூடினேன். தகரப் பட்டைகளைப் பிடுங்கினேன். பலகைகளைச் சுரண்டி, கொதிக்கிற தண்ணீரை ஊற்றிச் சோப்புப் போட்டுத் தேய்த்து, காயவைத்துக் கெட்டியாகச் சுண்ணாம்பு அடித்தேன், ஓர் இடுக்கும் தெரியாதபடி. பட்டை உரித்த வழவழப்பான கம்புகளைச் சுவரில் முட்டாமல் நிறுத்தி, கம்பின் ஒவ்வொரு காலையும் எண்ணெய் ஊற்றிய தேங்காய்ச் சிரட்டையில் வைத்தேன், எண்ணெயைத் தாண்டிப் பேன் ஏற முடியாது. கோழிகள் புரளுவதற்கு ஒரு டின்னில் சாம்பல். ஒருமுறை செய்துவிட்டு முடிந்தது என்று இருந்துவிடாதே. ஒளிந்திருக்கிற பேன் முட்டைகள் ஒரு வாரத்துக்குள் பொரித்துவிடும், அதனால் ஏழாம் நாள் எல்லாவற்றையும் இன்னொரு தடவை செய்ய வேண்டும். கோழியில்லாத கூட்டில் மாதக்கணக்கில் பட்டினி கிடந்தும் பேன் சாகாதாம். தூங்கிவிட்டது என்று நாம்தான் நினைத்துக்கொள்வோம். நான் வேலை செய்வதை அம்மா பார்த்துவிட்டு, “என்னடி திடீர்னு? பரீட்சைக்குக் கோழியா வருது?” என்றாள். கறுப்பி செத்ததில் எனக்கு மனசு சரியில்லை என்று நினைத்துக்கொண்டு அவளும் இரண்டு குடம் தண்ணீர் கொதிக்கவைத்துக் கொடுத்தாள்.

மறுநாளிலிருந்து அம்மாவுக்கு முன்னால் கூட்டுக்கு ஓடி முட்டைகளை எடுத்துப் பாவாடையில் கட்டிக்கொண்டுபோய்த் தேயிலைச் செடிகளுக்குள் புதைத்தேன். ஆனால் கோழி சும்மா இருக்குமா? முட்டை வைத்ததை லயத்துக்கே சொல்லும். அம்மா கொக்கரிப்பைக் கேட்டுப் போய்ப் பார்ப்பாள், கூடு காலியாக இருக்கும். ஒருநாள் கீரி என்றாள். ஒருநாள் காக்காய் என்றாள். வெள்ளிக்கிழமை விடிகாலை வள்ளி அத்தை கூட்டுக்குப் பக்கத்துக் குழாயில் குடத்தோடு நின்றதை அம்மா பார்த்துவிட்டாள். சாயங்காலம் வாசலில் வைத்துக் கேட்டாள், நேராகக் கேட்காமல்.

“குடுக்குறத வாங்கித் தின்னாச் சில பேருக்குச் செரிக்காது போல. எடுத்துத் தின்னாத்தான் ஒடம்புல ஒட்டும் போல.”

வள்ளி அத்தை பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். “யாரைங்க அண்ணி சொல்றீங்க?”

“விடியிறதுக்கு முன்னால கூட்டுக்கிட்ட யாரு நின்னாளோ அவளத்தான்.”

“நான் தண்ணி புடிக்க நின்னேனுங்க. குழாய உங்க கூட்டுக்குப் பக்கத்துல கொண்டாந்து வெச்சது நானில்லீங்க.”

“தண்ணிக்கு வந்தவ குடத்துக்குள்ள என்னத்தக் கொண்டு போனான்னு யாரு பாத்தா?”

“வந்து பாருங்க! ஊட்டுக்குள்ள வந்து பானை பானையாத் தெறந்து பாருங்க!” வள்ளி அத்தை எழுந்துவிட்டாள், கையெல்லாம் சாம்பல். “ஒரு முட்டைக்கு எம் மானத்தை வாங்கறீங்களே. எம் பொண்ணு கேட்டாளா? நீங்களா வலிய வந்து குடுத்தீங்க, அவ தின்னா. தின்ன ஒவ்வொண்ணையும் கக்கச் சொல்லட்டுங்களா?”

செல்வி அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, “அம்மா, உள்ள வாம்மா, போதும்” என்று அழுதாள். நான் அம்மாவுக்குப் பின்னால் நின்றேன். என் பாவாடை ஓரத்தில் தேயிலைக்காட்டு மண் இருந்தது, அதை மடித்துப் பிடித்துக்கொண்டேன். அன்றோடு இரண்டு பின்கதவுகளும் சாத்தியாயிற்று. நான்கு நாட்களாகத் தாழ்ப்பாள் போட்டே இருக்கிறது.

சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். போன மாதம் மேல் லயத்து ஆள் ஒருவரை எஸ்டேட்டில் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். மழைக்கோட்டுக்குள் ஒரு படி உரம் கொண்டுபோனார் என்று. அப்பா சாப்பிடும்போது சொன்னார், “ஆளக் கொறைக்கக் காரணம் தேடிக்கிட்டு இருக்கானுக. ஒரு படி உரம் போதும் அவனுகளுக்கு.” வேலை போனால் வீடும் போகும், இது எஸ்டேட் வீடு. அந்த ஆளின் பெண் என் வகுப்பில்தான் இருந்தாள், இப்போது அவள் பெஞ்சில் வேறு பெண் உட்காருகிறாள். அப்பாவின் அப்பா இலங்கைத் தோட்டத்திலிருந்து ஒரு பெட்டியோடு கப்பலில் வந்து, இந்த மலையில்தான் மறுபடி அடுப்பு மூட்டினாராம். மருந்து எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்டால் போதும். அப்பாவின் பெயர் வரும். அப்பா திட்டுவார், அடிப்பார் என்று நான் பயப்படவில்லை. ஒன்றும் சொல்லாமல் சாமான்களைக் கட்டத் தொடங்குவாரோ என்றுதான் பயம். இந்த வாரத்தில் ஒருநாள் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனபோது மருந்துக் கொட்டகையில் டின்னில் இருந்த பெயரை எழுத்து எழுத்தாகப் பார்த்து ஒரு சீட்டில் எழுதிக்கொண்டேன். அது என் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது. எதற்காக எழுதினேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. யாரும் கேட்காமலே யாராவது படித்துவிட மாட்டார்களா என்று நினைத்தேன் போலிருக்கிறது.

இன்று ஏழாம் நாள். சாயங்காலம் இரண்டாவது முறை கூட்டுக்குக் கொதிநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். செல்வி அக்கா குழாயடிக்கு வந்தாள். அம்மா இல்லையா என்று சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள், “ஏண்டி, நாங்கதான் எடுத்தோம்னு நீயுமா நெனக்கிற?”

“இல்லக்கா” என்றேன். அந்த ஒன்று மட்டும் உண்மை.

“போதும் போ. எங்கம்மா நாலு நாளாச் சோறே திங்கல.” குடத்தை வைத்துவிட்டு வயிற்றில் கைவைத்துக்கொண்டாள். “இவனும் சேந்து கோவிச்சுக்கிட்டான். முந்தி உதைச்சு எழுப்புவான், ரெண்டு நாளா அவ்வளவா அசையவே மாட்டேங்கறான். தூங்குமூஞ்சி.”

அவள் சிரித்தாள். நான் கையிலிருந்த வெந்நீரைக் காலில் ஊற்றிக்கொண்டேன். “அய்யோ, பாத்துடி!” என்று அவள்தான் குனிய முடியாமல் குனிந்து தண்ணீர் விட்டாள். அப்போதும் நான் சொல்லவில்லை. கால் இன்னும் எரிகிறது. விடிந்ததும் சொல்லிவிடலாம் என்று பத்து தடவை நினைத்துவிட்டேன். விடிவதற்கு இன்னும் நேரம் இருக்கிறதே என்று ஒரு தடவை நிம்மதி வருகிறது, அந்த நிம்மதி வந்ததும் என்னை எனக்கே பிடிக்கவில்லை. இரண்டு முட்டை ஒன்றும் செய்யாது என்று கம்பவுண்டர் சொல்லியிருக்கலாம். செய்யும் என்றும் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவிடவில்லை. வயிற்றுக்குள் இருக்கிறவன் தூங்குகிறானா என்று எனக்குத் தெரியாது. பார்க்கத் தெரிந்தவர்கள் குன்னூர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள், அவர்களுக்கு மருந்தின் பெயர் தெரியாது. பெயர் தெரிந்த நான் இங்கே உட்கார்ந்து இன்னும் பிறக்காதவனுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மகனே, இதை எரித்துவிடு என்று மேலே எழுதினேன். வேண்டாம், வைத்திரு. நீ எதையாவது உடைத்துவிட்டோ கொன்றுவிட்டோ என் முன்னால் வந்து நிற்கும் நாளில் நான் எப்படிப்பட்ட அம்மாவாக இருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. கத்தியைத் தூக்கிக்கொண்டு, புஸ்தகத்தைப் பாரு என்று கத்துகிறவளாகவும் ஆகியிருக்கலாம். அப்போது இந்தத் தாளை என் கையில் கொடு. என் கையெழுத்து எனக்குத் தெரியும். நீயும், யாருக்கு வலிக்கும் என்பதை முதலில் சொல், உனக்கு என்ன ஆகும் என்பதைப் பிறகு சொல். நான் இரண்டையும் மாற்றிவைத்துக்கொண்டுதான் ஒரு வாரத்தைக் கழித்தேன். அப்பாவின் வேலையை ஒரு பக்கம், செல்வி அக்காவை ஒரு பக்கம் வைத்து

பின்கதவைத் தட்டுகிறார்கள். சாத்திக் கிடந்த பின்கதவை. வள்ளி அத்தையின் குரல்.

“அண்ணி! அண்ணி, கதவத் தொறங்க! புள்ளைக்கு வலி வந்துருச்சுங்க, கைகாலெல்லாம் நடுங்குதுங்க. அண்ணனை ஜீப்புக்குச் சொல்லச் சொல்லுங்க!”

முன்னறையில் அம்மா எழுந்து, யாரது என்கிறாள். கதவுக்குப் பக்கத்தில் இருப்பது நான். மருந்தின் பெயர் எழுதிய சீட்டை எடுத்துக்கொண்டேன். அம்மா வருவதற்குள் தாழ்ப்பாளை நான்தான்